சேகரத்து வருடம்: பாட்டும் பந்தியும்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருக்கும் இந்த நாட்களில்தான் எங்கள் கிறிஸ்தவ ஆலயங்களில் வருடம் பிறக்கிறது. ஜனவரி முதல் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறு எதுவோ, அது அட்வென்ட் முதல் ஞாயிறு, அதாவது கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் காலத்தின் தொடக்கம். பீடத்து விரிப்பு ஊதா நிறத்துக்கு மாறும். சாயங்காலம் பாடகர் குழு ஒத்திகை என்று அறிவிப்பு வரும். ஒத்திகை ஆறு மணிக்கு என்றால் ஆறே முக்காலுக்குத்தான் ஆள் சேரும். அது எந்தச் சேகரத்திலும் மாறாத சட்டம்.

சேகரம் என்ற சொல் எல்லா நேயர்களுக்கும் பழக்கமாக இருக்காது. ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சில ஊர்ச் சபைகளைச் சேர்த்துத் திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். இந்த அமைப்பு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், மிஷனெரிகள் விட்டுச் சென்றது. 1820-இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் பிறப்பால் ஜெர்மானியர், வந்தது ஆங்கிலேய மிஷன் சார்பில். மெஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் கட்டிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனையும் சூழ்ந்த இடத்தில் அந்த ஊசிக் கோபுரத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். இடையன்குடியில் கால்டுவெல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து இழுத்துக் கட்டிய ஆலயம் 1880-இல் பிரதிஷ்டை ஆனது. இவர்களை அனுப்பிய மிஷன்கள் வழியாக வந்தது 1662-ஆம் ஆண்டு ஆங்கில ஜெபப் புத்தகம். அட்வென்ட், கிறிஸ்துமஸ், லெந்து என்ற தவக்காலம், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, அப்புறம் திரித்துவ ஞாயிறும் அதற்குப் பின்வரும் நீண்ட ஞாயிறு வரிசையும் அதில் அடுக்கப்பட்டிருந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோதும் அந்த வருட ஒழுங்கு கலையவில்லை. மெதடிஸ்ட்காரர்கள் தங்கள் பங்காக டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்றைக்கு வருடத்திலேயே கூட்டம் அதிகம் அந்த இரவுக்குத்தான்! ஞாயிறு தவறினாலும் தவறுவார்கள், புது வருடத்துக்கென்று வேதாகம வசனம் எழுதிக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை வாங்க மட்டும் தவற மாட்டார்கள்.

இப்போது டிசம்பருக்கு வருவோம். கேரல் ஆராதனை என்று ஒன்று நடக்கும். ஒன்பது வேதபாடங்கள், இடையிடையே பாடல்கள். இதன் கதை சுவையானது. 1877-இல் கால்டுவெல் பேராயர் ஆனார். அதே ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ட்ரூரோ என்ற ஊருக்கு பென்சன் என்பவர் முதல் பேராயராக வந்தார். பேராலயம் இன்னும் கட்டி முடியவில்லை, தற்காலிகமாக ஒரு மரக்கொட்டகை. இடையன்குடி ஆலயம் பிரதிஷ்டையான அதே 1880-இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அந்தக் கொட்டகையில்தான் இந்த ஆராதனை முதன்முதலில் நடந்தது. ஜனங்களை மதுக்கடைப் பக்கம் போகவிடாமல் இழுத்து வைக்கத்தான் பென்சன் இதை ஏற்பாடு செய்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பிறகு 1918-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி இதை எடுத்துக்கொண்டது. 1928-இல் பிபிசி அதை ஒலிபரப்பியது. உலகம் முழுக்க இது பரவியதற்குக் காரணம் வானொலி. வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பென்சன் செய்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வாசிக்கும் வரிசை. முதல் பாடத்தைப் பாடகர் குழுச் சிறுவன் வாசிக்க வேண்டும். படிப்படியாக ஏறி, கடைசிப் பாடம் பேராயருக்கு. நம் ஊரிலும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை, வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம் என்று போய், கடைசியில் ஆயர் வாசிப்பார். ஒலிபெருக்கிக்கு எட்டாத உயரத்தில் ஒரு பெண்பிள்ளை முக்காலியில் ஏறி நின்று ஆதியாகமத்தைத் தடுமாறாமல் வாசித்து முடித்ததும் சபையே மூச்சு விடும். அவள் அம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு விட மாட்டார்.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

எங்கள் ஆலயங்களில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று பாமாலை. மேல்நாட்டுப் பாடல்களின் மொழிபெயர்ப்பு, அதே ராகத்தில், நான்கு குரலில் பாடுவது. இன்னொன்று கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் ராகத்தில், நம் தாளத்தில் பாடுவது. பாமாலையில் சில இடங்களில் மெட்டுக்குள் அடக்குவதற்காகக் குறிலை நெடிலாக இழுத்து, சொல்லை நடுவில் ஒடித்துப் பாட வேண்டியிருக்கும். பழகிப்போனதால் எங்களுக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வந்து கேட்கும் தமிழாசிரியர்கள் நெளிவார்கள். ஆனால் அந்த நான்கு குரல் சேர்ந்திசையில் தனி ருசி இருக்கிறது. கிராமத்தில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் டெனர் என்ற ஆண்களின் மேல்குரலைப் பிசகாமல் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

கீர்த்தனை மட்டும் தானாக ஆலயத்துக்குள் வந்துவிடவில்லை. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார். சரபோஜி மன்னர் அவருடன் படித்தவர். 1820-களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனெரிகளோடு சாஸ்திரியாருக்குக் கடும் மோதல். வேதாகமத் தமிழைத் திருத்துகிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ கூடாது என்கிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அதே மூச்சில் இன்னொரு குற்றச்சாட்டும் வைத்தார்: சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்கச் சொல்கிறார்கள் என்று. அதில் மிஷனெரிகள் பக்கம்தான் நியாயம். சாஸ்திரியார் தவறான பக்கம் நின்றார். இதைப் பலர் மேடையில் விழுங்கிவிட்டு அவருடைய பாட்டை மட்டும் புகழ்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாட்டில் அவர் வென்றார், சாதியில் தோற்றிருக்க வேண்டும். ஆனால் 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்ட பிறகும், பெண் பார்க்கும்போதும் சபைத் தேர்தலிலும் அது இன்னும் எட்டிப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லெந்து நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது. அதனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஊரில் ஒரு மண்டபமும் காலியாக இருக்காது. குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைந்து பவனி வருவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய தியானம். வெயிலில் மூன்று மணி நேரம், ஏழு பிரசங்கம். ஐந்தாம் வார்த்தை 'தாகமாயிருக்கிறேன்' என்று வரும்போது எல்லோருக்குமே தாகமாக இருக்கும். முடிந்ததும் பல ஊர்களில் கஞ்சி. ஈஸ்டருக்கு விடியுமுன்பே மணி அடித்துவிடும்.

அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் தேதி ஊருக்கு ஊர் மாறும். இதுவும் கார்ன்வாலிலிருந்து வந்ததுதான். 1843-இல் மார்வன்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தில் ஹாக்கர் என்ற குருவானவர் அறுவடைக்கு நன்றி சொல்ல ஒரு ஞாயிற்றைக் குறித்தார், மற்ற ஊர்கள் பிடித்துக்கொண்டன. அங்கே கோதுமையும் ஆப்பிளும். இங்கே வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிய சேவல், வெள்ளாடு. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஏலம் எடுத்தவர் பொருளை மறுபடி ஆலயத்துக்கே கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரு முட்டை இப்படி நாலு கை மாறி ஓர் ஆட்டின் விலையைத் தொடும். துபாயில் இருக்கும் மகன் போனிலேயே விலை கேட்பான்.

அப்புறம் அசனம் என்ற ஊர்ச் சாப்பாடு. முந்தின ராத்திரியே அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. வெங்காயம் உரிக்க ஒரு கூட்டம், கறி வெட்ட ஒரு கூட்டம், ஆலோசனை சொல்ல அதைவிடப் பெரிய கூட்டம். ஆயர் ஜெபித்த பிறகு எல்லோரும் ஒரே பந்தியில். கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். வில்சன் உத்தரவு செய்ய முடியாததை இந்தப் பந்தி கொஞ்சமாவது செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். சமைத்த வேலைகளில் எல்லோருக்கும் ஒரு பங்கு இருந்ததால்தான் அது நடந்தது.

பாட்டில்தான் அந்தப் பங்கு குறைந்து வருகிறது. இப்போது கீபோர்டு, டிரம்ஸ், நான்கு பேர் கையில் மைக். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்வரிசையில் இருக்கும் பாட்டி பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுதான், அவர் குரல் அவருக்கே கேட்காது. கேட்காத குரலை மனுஷர் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள். பிறகு சபை வெறும் பார்வையாளர் கூட்டம். இளைஞர்கள் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களில் சிலர் அபாரமாக வாசிக்கிறார்கள்.

சேகர கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கோரிக்கை. இந்த அட்வென்ட்டில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு கீர்த்தனையை மைக் இல்லாமல், கைத்தாளத்தோடு, சபை முழுவதும் பாடும்படி வையுங்கள். முதல் வாரம் சுருதி சேராது, மூன்றாம் வாரம் சேரும். எந்தப் பாட்டு என்பதைப் பின்வரிசைப் பாட்டியிடமே கேளுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.