கூடாரத்துக் காப்பியும் நமது கோரிக்கையும்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த செயலாளர் அவர்களே, மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை புத்தகமாகக் கொடுங்கள்.

பாலைவன விருந்தோம்பலைப் பற்றிக் காப்பி, கறி, கூடாரம் என்று மூன்று செய்திகளும், அங்கே சுற்றுலா போகும் நம்மவர்களுக்காக ஒரு கோரிக்கையும் சொல்ல வந்தேன். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பழமொழி. ஜோர்டானில் வாடி ரம் பாலைவனத்துப் பெதூயின் என்ற நாடோடி மரபு அரபு மக்களுக்கும் கணக்கு அதேதான். வந்தவருக்கு மூன்று நாள் சோறும் நிழலும் உண்டு. அதுவரை 'என்ன காரியமாய் வந்தாய்?' என்று கேட்பது மரியாதையில்லை.

காப்பிக் கொட்டையை நெருப்பில் வறுத்து, மர உரலில் இடிப்பார்கள். அந்த உலக்கைத் தாளம்தான் அக்கம்பக்கத்துக்கு அழைப்பு. ஏலக்காய் உண்டு, சர்க்கரை கிடையாது. இடக்கையில் கூஜா, வலக்கையில் பிடியில்லாத சின்னக் கோப்பை. அதிலும் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள்; நிரப்பினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாதவருக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

அந்தக் காப்பிக்கு இன்னொரு சக்தியும் உண்டு. பெண் கேட்டுப் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்கள். காப்பி வரும். மூத்தவர் வாங்கிக் குடிக்காமல் எதிரே வைத்துவிடுவார். மற்றவர்களும் தொடமாட்டார்கள். பெரும்பாலும் முன்பே பேசி முடித்த சம்பந்தம்தான். ஆனாலும் சபை முறை இருக்கிறதே! 'குடியுங்கள்' என்பார் பெண்ணின் தகப்பனார். 'வந்த காரியம் முடியட்டும்' என்பார் இவர். காப்பி ஆறும். குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். 'கேட்டது உங்களுக்கு உண்டு, குடியுங்கள்' என்று அவர் சொன்ன பிறகே கோப்பை வாய்க்குப் போகும். நம் ஊரில்? பஜ்ஜி, சொஜ்ஜி, காப்பி எல்லாவற்றையும் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்!'

கறிக்கு வருகிறேன். 'ஸர்ப்' என்பது மணற்குழிச் சமையல். புதைத்த இரும்பு டிரம்மில் விறகு எரிந்து, சுடர் அடங்கித் தணலான பிறகே ஆட்டுக்கறி, கோழி, உருளைக்கிழங்கு அடுக்கிய தட்டுகள் இறங்கவேண்டும். மூடி, மேலே கம்பளி, அதற்கு மேல் மணல். புகை கசியும் இடத்தில் இன்னும் மணல். காற்றுப் புகுந்தால் தணல் மறுபடி பற்றும், கறி கருகும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.

சாயங்காலம் வந்து காலையில் ஜீப் ஏறுகிற சுற்றுலாப் பயணி இதில் எதைப் பார்ப்பார்? தட்டு மேலே வரும்போது போட்டோ எடுப்பார், அவ்வளவுதான். இரவுத் தங்கலோ கண்ணாடிக் குமிழி அறையில்! வாடி ரம் 2011இல் உலக மரபுக்களமானது குளிர்சாதனக் குமிழிகளுக்காகவா? 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு நம் பயண ஏற்பாட்டாளர்கள் ஒரே ராத்திரிப் பயணத்திட்டம் போடுகிறார்கள். நாம் மூன்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு இரவு வேண்டும். அதுவும் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் முகாமில் வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூடாரம் பற்றி ஒன்றே ஒன்று: அதன் ஆட்டுரோமத் துணி மழையில் நனைந்தால் நூல் பருத்து இடைவெளி அடைபடும்; தண்ணீர் எளிதில் உள்ளே ஒழுகாது. மற்றது அடுத்த கூட்டத்தில். பயண ஏற்பாட்டாளர்களுக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா இல்லாதவர்களுக்குப் பொருளாளர் தருவார். கையெழுத்துப் போட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.