அதை யாரும் மறுக்கவில்லையே

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக விவாத அணி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வாயாடிகளின் கூட்டம்தான். மைக் கையில் கிடைத்தால் விடாதவர்கள், எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவர்கள். அணியில் சேர வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்தவன்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களைப் பயிற்றுவித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. வாய் நன்றாக இருந்தும் காது சரியில்லாமல் தோற்ற அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். காது நன்றாக இருந்தும் தோற்ற அணிகள் அபூர்வம். இன்றைக்கு நான் பேச வந்ததே இந்தக் காதைப் பற்றித்தான்.

முதலில் போட்டி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. இப்போது அதில் பின்பற்றப்படுவது பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை. ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர், ஆக எட்டுப் பேர். இரண்டு அணிகள் தலைப்பை ஒட்டிப் பேச வேண்டும், இரண்டு அணிகள் வெட்டிப் பேச வேண்டும். யார் எங்கே உட்கார்வது, யாருக்குப் பின் யார் எழுவது என்பதெல்லாம் கரும்பலகை இருந்தால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். வானொலியில் அது ஆகாது, விட்டுவிடுவோம். தலைப்பை அறிவித்த 15 நிமிடத்தில் முதல் ஆள் எழுந்துவிட வேண்டும். இணையத்தைப் பார்க்க முடியாது, பயிற்சியாளரிடமும் கேட்க முடியாது. எந்தப் பக்கம் பேசுவது என்பதும் உங்கள் விருப்பம் கிடையாது. ஆளுக்கு 7 நிமிடம். முதல் நிமிடம் முடிந்ததும் ஒரு தட்டல் கேட்கும், ஆறாவது நிமிடம் முடிந்ததும் இன்னொரு தட்டல். இரண்டுக்கும் நடுவே எதிர்த்தரப்பினர் எழுந்து நின்று குறுக்குக் கேள்விக்கு அனுமதி கேட்கலாம். கொடுத்தால் அவர்களுக்கு 15 விநாடி. உட்காருங்கள் என்று கை காட்டிவிட்டு நீங்கள் தொடரவும் செய்யலாம். ஆனால் வருகிறவர் எல்லாரையும் உட்கார வைத்துக்கொண்டே போனால், இவர் பயப்படுகிறார் என்று நடுவர் எழுதிக்கொள்வார்.

கடைசியில் நான்கு அணிகளையும் வரிசைப்படுத்துவார்கள். முதல் இடத்துக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 1, கடைசி அணிக்குப் பூஜ்யம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் பக்கமே பேசுகிற இன்னோர் அணி இருக்கிறதே, அதுவும் உங்களுக்குப் போட்டிதான். அவர்கள் சொன்னதை நீங்கள் வெட்டவும் கூடாது, அதையே திருப்பிச் சொல்லவும் கூடாது. பங்காளியோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற கதை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒழுங்காகக் கேட்டால்தான் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியும். பாருங்கள், சுற்றிச் சுற்றிக் காதுக்கே வந்துவிட்டேன்.

எனக்கு இது உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்பது தலைப்பு. நாங்கள் ஒட்டிப் பேச வேண்டிய அணி. கரும்பு தின்னக் கூலியா என்று குதித்தேன். தவறாகத் தண்டிக்கப்படும் நிரபராதிகளைப் பற்றி உருக்கமாகப் பேச எனக்கு வரும். ஆனால் எதிர்த்தரப்பின் முதல் பேச்சாளர் எழுந்து, "நிரபராதி தூக்கில் தொங்கக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. குற்றம் துளியும் ஐயமில்லாமல் நிரூபணமாகும் வழக்குகளுக்கு மட்டும் இந்தத் தண்டனை இருக்கட்டும் என்கிறோம்" என்றார். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் பேச்சின் கடைசி வரிக்கு அடுக்குமொழி தேடிக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. ஏழு நிமிடமும் நிரபராதிகளைப் பற்றியே பேசினேன். பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். பலத்த கைதட்டல். முடிவில் நான்காம் இடம், பூஜ்யம். கோபத்தோடு நடுவரிடம் போனேன். அவர் தன் தாளைப் பார்த்தபடி, "நன்றாகப் பேசினீர்கள் தம்பி. ஆனால் நீங்கள் சொன்னதை அங்கே யாரும் மறுக்கவில்லையே" என்றார்.

அவர் கையிலிருந்த அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவாதத்தில் பழகியவர்கள் எல்லாரும் அப்படி ஒன்று வைத்திருப்பார்கள். பெரிய தாளை நீளவாக்கில் மடித்து, பேச்சாளருக்கு ஒரு பத்தி ஒதுக்கி, ஒட்டுபவருக்கு ஒரு நிறம், வெட்டுபவருக்கு ஒரு நிறம் என்று இரண்டு பேனாவில் எழுதுவார்கள். ஒருவர் வைத்த வாதத்துக்கு நேரே அடுத்தவர் என்ன பதில் சொன்னார் என்பது வர வேண்டும். பதிலே வராவிட்டால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். நடுவரின் கண் முதலில் போவது அந்த வெள்ளைக்குத்தான். அன்று என் பத்தி முழுக்க மை. ஆனால் எதிரே வந்த வாதத்துக்கு நேராக ஒரு பொட்டுகூட இல்லை.

அதனால்தான் என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். அவர்களுக்குப் பிடிக்காத பயிற்சி. எதிரே இருப்பவர் பேசி முடித்ததும் பதில் சொல்லக் கூடாது. அவர் வாதத்தை முதலில் நீ சொல்லு. அவர் தலையாட்டி, "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டால்தான் நீ மறுக்கலாம். முதல் மாதம் யாருக்கும் தலையாட்டல் கிடைக்காது. எதிராளி சொன்னதில் பாதியை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் வேண்டுமென்றே முட்டாள்தனமாக்கிச் சொல்வார்கள். பழைய தத்துவ நூல்களில் பரபக்கம் என்று ஒரு பகுதி வரும். பிறர் கொள்கையை முதலில் எடுத்து வைத்து மறுத்துவிட்டு, அதன் பிறகுதான் தன் கொள்கைக்கு வருவார்கள். அந்த ஒழுங்கு இந்தத் தலைமுறைக்குச் சுத்தமாக விட்டுப்போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். என் தலைமுறைக்கு மட்டும் இருந்ததா என்ன?

பெற்றோர் சிலர் கேட்பார்கள். தான் நம்பாத ஒன்றைப் பிள்ளை மேடையில் பேசலாமா, அது பொய் சொல்லப் பழக்குவது ஆகாதா என்று. நியாயமான கேள்வி. அதற்கு நான் எப்போதும் சொல்கிற ஒரு நிகழ்ச்சி உண்டு. என் மாணவர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள், அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உயர் பாதுகாப்புச் சிறை ஒன்று. பார்ட் கல்லூரி அங்கே கைதிகளுக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. படிக்கிறவர்கள் ஒரு விவாத அணி அமைத்தார்கள். 2014இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாதெமியின் அணி சிறைக்குள் வந்து அவர்களோடு மோதித் தோற்றுப் போனது. 2015 செப்டம்பரில் ஹார்வர்ட் அணி வந்தது. சில மாதங்களுக்கு முன்தான் தேசியப் பட்டம் வென்றிருந்த அணி. எதிரே உட்கார்ந்தவர்கள் மூன்று கைதிகள். அவர்களுக்கு இணையம் கிடையாது. ஒரு புத்தகம் வேண்டுமென்றால் சிறை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும், சில சமயம் வாரக்கணக்கில்.

தலைப்பு என்ன தெரியுமா? உரிய ஆவணங்கள் இல்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் உரிமை அரசுப் பள்ளிகளுக்கு வேண்டும் என்பது. கைதிகள் அதை ஒட்டிப் பேச வேண்டும். அவர்களுக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஒரு மேடைப் பேச்சாளன் என்ன செய்திருப்பான்? சட்டம், வரிப்பணம் என்று எதிரே இருப்பவர்கள் ஏற்கெனவே பதில் தயாரித்து வைத்திருக்கும் இடத்திலேயே போய் முட்டியிருப்பான். இவர்கள் வேறு வழி பிடித்தார்கள். இந்தப் பிள்ளைகள் போய்ச் சேருகிற பள்ளிகள் பல, நெரிசலும் பணத் தட்டுப்பாடுமாகப் பாதியிலேயே படிப்பை விடவைக்கிற பள்ளிகள். அவை கதவைச் சாத்தினால், தொண்டு நிறுவனங்களும் வசதியான பள்ளிகளும் முன்வந்து அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல படிப்பைத் தரும் என்றார்கள். சரியோ தவறோ, அது அந்தப் பிள்ளைகளின் நலனிலிருந்தே எழுந்த வாதம். ஹார்வர்ட் அணி அதை எதிர்பார்க்கவில்லை. அந்த வாதத்தின் சில பகுதிகளுக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை என்று நடுவர் ஒருவர் பின்னர் சொன்னார். தாளில் அந்த இடம் வெள்ளையாக நின்றது. கைதிகள் வென்றார்கள்.

ஆனால் இது ஒரே ஒரு விவாதம்தான். அதே சிறை அணி அந்த ஆண்டு வெஸ்ட் பாயிண்ட்டிடம் தோற்றும் இருக்கிறது. செய்தித்தாள்கள் அதற்குப் பெரிய எழுத்து போடவில்லை. தோற்ற ஹார்வர்ட் அணியோ, இந்த அணியிடம் தோற்றதில் பெருமைப்படுகிறோம் என்ற பொருளில் வெளிப்படையாக எழுதியது. எதிராளியைக் கூர்ந்து கேட்டவர்களுக்குத்தான் அப்படி எழுத வரும். என்னிடம் கேட்ட பெற்றோரைத் திருப்பிக் கேட்பேன், அந்தக் கைதிகள் பொய் பேசினார்களா என்று. தாங்கள் ஏற்காத ஒரு கொள்கைக்கு அதன் மிகச் சிறந்த வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் அதை மறுத்தால், அந்த மறுப்புக்கு ஓர் எடை இருக்குமா இல்லையா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். நடுவர்கள் எப்படிக் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது போகட்டும். இயந்திரத்தைப் பற்றி மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபிஎம் நிறுவனத்தின் விவாத இயந்திரம் மேடையேறியது. எதிரே ஹரிஷ் நடராஜன், உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனவர். மழலையர் பள்ளிகளுக்கு அரசு மானியம் தர வேண்டும் என்பது தலைப்பு, இயந்திரம் ஒட்டிப் பேசியது. இருவருக்கும் தயாரிக்க அதே 15 நிமிடம். விவாதத்துக்கு முன் அரங்கில் 79 விழுக்காட்டினர் மானியத்துக்கு ஆதரவு, முடிந்த பிறகு 62. எதிர்ப்பு 13இலிருந்து 30 ஆனது. தகவலை அதிகம் தந்தது யார் என்ற கேள்விக்கு அரங்கம் இயந்திரத்தைத்தான் சொன்னது. கோடிக்கணக்கான வாக்கியங்கள் அதனிடம் இருந்தன. ஆனால் அது அடுக்கிய தகவல்கள் எங்கே மானியத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கேட்டுப் பிடிக்க ஒரு...

மேசையைத் தட்டிவிட்டார்கள். ஆறாவது நிமிடத் தட்டல் இல்லை, ஏழாவதுதான். வணக்கம்.