ஐம்பது சதவீதக் கோடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்தைப் பற்றிய என் பேச்சை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அந்தக் குழாயில் ரத்தத்தை ஏற்றி வேகமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் படிய, வெளிர்மஞ்சள் பிளாஸ்மா மேலே தெளிந்து நிற்கும். மொத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கே ஹீமட்டோகிரிட். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகையைத் தீர்க்க வந்த எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் மருந்து, 1990களில் சைக்கிள் வீரர்களின் கைக்குப் போய் இந்தப் பங்கை உயர்த்தியது. சிவப்பணு கூடினால் தசைக்கு ஆக்சிஜன் கூடும். மலைப்பாதையில் அதுவே வெற்றி. அளவு மீறினால் ரத்தம் குழம்பாகி உயிருக்கே உலை வைக்கும்.

இம்மருந்தைச் சிறுநீரில் கண்டறியும் சோதனை 2000 வரை நடைமுறையில் இல்லாததால், சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., 1997இல் ஆண்களுக்கு ஹீமட்டோகிரிட் 50 சதவீதம் என்று ஒரு கோடு கிழித்தது. தாண்டியவருக்கு இரண்டு வாரக் கட்டாய ஓய்வு; அதுவும் உடல்நலத்தின் பெயரால். தடுக்க வந்த விதி, என் பார்வையில், உரிமச்சீட்டாகவே மாறிப்போனது. இயல்பில் 42 உள்ளவர் 49 வரை தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்; பிறவியிலேயே 48 உள்ளவருக்கோ அந்த இடைவெளி கிடையாது. சோதனையாளர் வருவதற்குள் உப்புநீரை நரம்பில் ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வித்தையும் பழகிவிட்டது. 1999 இத்தாலியப் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த மார்கோ பந்தானி, இரண்டே கட்டங்கள் மீதமிருக்கையில், அந்தக் கோட்டைத் தாண்டியதற்காக வெளியேற்றப்பட்டார்.

2008இல் யு.சி.ஐ. கொண்டுவந்த உயிரியல் கடவுச்சீட்டு, வீரரை அவருடைய பழைய ரத்த அளவுகளோடே ஒப்பிடுகிறது. முன்கூட்டியே எடுத்துச் சேமித்த தன் ரத்தத்தை ஒரு வீரர் திரும்ப ஏற்றிக்கொண்டால் எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இளம் சிவப்பணுக்கள் அருகிவிடும். மொத்த அளவு மறைப்பதை அந்த இளம் அணுக்கள் காட்டிக்கொடுக்கும். ஆனால் மிகச் சிறிய அளவுகளில் அடிக்கடி மருந்தேற்றுபவர் இந்த வலையிலும் நழுவக்கூடும்.

ஆகவே ஆய்வகத்தை மட்டும் நம்புவதற்கில்லை. 1998இல் பிரான்ஸின் பெரும் சைக்கிள் பந்தயமான டூர் தெ பிரான்ஸ் தொடங்கவிருந்த வேளையில் ஃபெஸ்டினா அணியைச் சிக்கவைத்தவர்கள், அதன் உதவியாளரின் காரைச் சோதித்த சுங்க அதிகாரிகள். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை 2012இல் வீழ்த்தியதில் பெரும்பங்கு, அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின்முன் 11 முன்னாள் சகவீரர்கள் அளித்த சாட்சியத்துக்கே உண்டு. 1999 முதல் 2005 வரை அவர் வென்ற ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. அந்த இடங்களில் வேறு எவர் பெயரையும் எழுத யு.சி.ஐ. முன்வரவில்லை.