சுவா: ஃபிஜியின் தலைநகரில் நம்மவர் வந்து இறங்கிய கரை

வணக்கம் நேயர்களே. பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாண்டி விமான நிலையத்தில் இறங்கி, கடற்கரை விடுதிகளோடு திரும்பிவிடுகிறார்கள். தலைநகர் சுவாவையும் அவசியம் பாருங்கள் என்பேன். குடை மட்டும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது.

1874இல் ஃபிஜி பிரிட்டன் வசம் போனபோது தலைநகர் லெவுகா. அங்கே முதுகை ஒட்டி மலை, ஊர் வளர இடமில்லை. அதனால் 1882இல் அரசாங்கம் சுவாவுக்கு மாறியது. அதற்கு முன்பே மெல்பர்னிலிருந்து வந்தவர்கள் சுவாவில் பருத்தியும் கரும்பும் போட்டுப் பார்த்து நொடித்திருந்தார்கள். பயிருக்கு உதவாத மண்ணில்தான் தலைநகர் எழுந்தது.

ஊருக்குள் முதலில் ஆல்பர்ட் பூங்காவுக்குப் போங்கள். 1928இல் ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், ஹவாயிலிருந்து பறந்து வந்த தன் விமானத்தை அந்தச் சின்ன மைதானத்தில்தான் இறக்கினார். 1970 அக்டோபர் 10 அன்று ஃபிஜியின் சுதந்திர விழா நடந்ததும் அங்கேதான். எதிரே கடலைப் பார்த்தபடி 1914இல் திறந்த கிராண்ட் பசிபிக் ஹோட்டல்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுவாவுக்கு எதிரே கடலில் நுகுலாவ் என்றொரு குட்டித் தீவு. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை நோய்த்தொற்றுக்கு அஞ்சி முதலில் தங்கவைத்த இடம் அதுதான். எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பது அவர்கள் கையில் இல்லை. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. நம் ஊர்க்காரர்கள் முதலில் பார்த்த ஃபிஜி, ஒரு முகாம். இதை நினைக்காமல் அந்தக் கடலை என்னால் பார்க்க முடிவதில்லை.

முதல் கப்பல் லியோனிடாஸ் வந்து சேர்ந்தது 1879 மே 14. அதே மே 14 அன்றுதான், 1987இல், சுவா நாடாளுமன்றத்துக்குள் ராணுவம் புகுந்து, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இடம்பெற்ற அரசைக் கவிழ்த்தது. அதன் பிறகு பல்லாயிரம் இந்தியக் குடும்பங்கள் நாட்டை விட்டே போய்விட்டன. 2023 முதல் அந்தக் கூலிகளின் நினைவாக மே மாதத்தில் அரசு விடுமுறை விடுகிறார்கள். மிகவும் தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

அங்குள்ள தமிழ் வம்சாவளியினர் வீட்டில் இன்று பேசுவது பெரும்பாலும் ஃபிஜி இந்தி. ஆனால் சுவாவின் ஹோவெல் சாலை மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. போகிறவர்கள் அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் டிக்கெட் போடுங்கள். வணக்கம்.