முளை தெரியாத புன்யா பைன் விதையைத் தூக்கி எறியலாமா?

“புன்யா பைன் விதைகளை ஊன்றி ஐந்து மாதங்கள் ஆகியும் ஒரு துளிர்கூட வெளியே வரவில்லை, தொட்டியைக் கொட்டிவிடலாமா? அடுத்த முறை விதையை எப்படிச் சேகரிப்பது?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொட்ட வேண்டாம். புன்யா பைன் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஓர் ஊசியிலை மரம். ஊசியிலை மரங்கள் பெரும்பாலானவற்றில் வேர் இறங்கியதும் விதையிலைகள் மண்ணுக்கு மேலே வந்து விரியும். புன்யாவிலோ விதையிலைகள் ஓட்டுக்குள்ளேயே தங்கிவிட, அவற்றின் காம்புகள் குழாய்போல் நீண்டு முளையை மண்ணுக்குள் இறக்குகின்றன. அங்கே அது பருத்துக் கிழங்காகி, விதையில் இருந்த உணவைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. பனங்கொட்டை முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தண்டு சில மாதங்களில் வெளிவரலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஒரே கூம்பின் (விதைகளைச் செதில்களுக்குள் தாங்கும் காய் போன்ற பகுதியின்) விதைகள்கூட ஒன்றாக எழுவதில்லை. ஆகவே ஓடு வெறும் கூடாகக் கிடப்பதைப் பார்த்து விதை செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஓரமாக மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்து நாற்றம் அடித்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனி, சேகரிப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் கூம்புகள், அங்கே கோடையான ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் தாமாகவே விழும். ஒரு கூம்பு 10 கிலோ வரை எடை இருக்கும் என்பதால், காய்ப்புக் காலத்தில் மரத்தடியில் நிற்பதே ஆபத்து. விழுந்ததை எடுத்துக்கொண்டு உடனே விலகிவிடுங்கள். புன்யா மலைத் தேசியப் பூங்காவில் விதை பொறுக்க முயல வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட பகுதி. தோட்டங்களில் வளரும் மரங்களிலிருந்து உரியவரின் அனுமதியோடு பெறுவதே முறை. நல்ல காய்ப்பு ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒரு முறைதான் என்பதால், கிடைக்கும் ஆண்டில் தவறவிடாதீர்கள்.

கூம்பு சில நாட்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். செதிலுக்குள் இருக்கும் விதையை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள்; மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. வெயிலில் காயவைத்துப் பத்திரப்படுத்தும் வழக்கம் இங்கே உதவாது, காய்ந்தால் இவ்விதையின் முளைப்புத்திறன் போய்விடும். எனவே சேகரித்த கையோடு ஊன்றிவிடுவதே நல்லது. முடியாவிட்டால், ஈரமான தேங்காய் நார்த்தூளோடு பையிலிட்டுச் சிறிது காலம் வைத்திருக்கலாம். பைக்குள்ளேயே கிழங்கு விட்டுவிட்டால், கூர்முனை கீழே இருக்குமாறு நிறுத்தி நடுங்கள்.

தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். நீர் தேங்காத மண்கலவையில், ஈரம் மாறாமல், ஆனால் சொதசொதக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டு எழாத கிழங்கு அழுகுவதற்கு மிகையான நீரே பெரும்பாலும் காரணம். எலிகளுக்கு இவ்விதையின் மீது தனி மோகம் உண்டு. தண்டு எழும்வரை தொட்டியின் மேல் கம்பிவலை போட்டு வையுங்கள்.