குரங்கின் முடியில் பதிந்த விரல்கள்

அனைவருக்கும் வணக்கம்.

1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்தைப் பார்க்க நேர்ந்தால், கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அந்தக் குரங்கின் முடியை மட்டும் கவனியுங்கள். காற்றே இல்லாத இடத்திலும் அது அசைந்துகொண்டே இருக்கும். மார்பில் ஒரு சுழி தோன்றி மறையும். தோளில் ஒரு பள்ளம் விழும், கண்ணிமைப்பதற்குள் வேறு பக்கம் போயிருக்கும்.

திரையில் மலைபோல நிற்கும் அந்த மிருகம் உண்மையில் ஒன்றரை அடிப் பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, அதன்மேல் ரப்பர் சதை, அதற்கும் மேல் முயல் தோல். செய்தவர் மார்செல் டெல்காடோ. எஃபெக்ட்ஸ் கலைஞர் வில்லிஸ் ஓ’பிரையனும் அவருடைய ஆட்களும் பொம்மையின் கையை இம்மியளவு நகர்த்துவார்கள், ஒரு ஃபிரேம், அதாவது ஒரே ஒரு படம் எடுப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு முறை தொடும்போதும் முயல் முடி கலைந்தது. அந்தக் கலைசல்தான் நாம் பார்க்கும் நெளிவு.

நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் அந்தப் பொம்மையைத் தொட்ட இடம் அது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் வரலாற்றை எப்போதும் இயந்திரங்களின் வரலாறாகவே சொல்கிறார்கள். இந்த ஆண்டு இந்தக் கேமரா வந்தது, அந்த ஆண்டு அந்த சாஃப்ட்வேர் வந்தது என்று. நான் இன்று பேச வந்திருப்பது அந்த விரல்களைப் பற்றி.

தொடக்கமே கைவித்தைக்காரர் ஒருவரிடமிருந்துதான். பாரிஸில் மேஜிக் அரங்கம் நடத்திய ஜார்ஜ் மெலியே தெருவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கேமரா சிக்கிக்கொண்டதாம். சரிசெய்து மறுபடி சுழற்றினார். பிறகு போட்டுப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த பேருந்து வண்டி ஒரே நொடியில் சவ வண்டியாக மாறிவிட்டது. அவரே பிற்காலத்தில் எழுதிய கதை இது. கொஞ்சம் மெருகேற்றியும் இருக்கலாம், ஏனென்றால் 1895-லேயே எடிசன் கம்பெனி இதே உத்தியில் ஒரு ராணியின் தலையை வெட்டிக் காட்டியிருந்தது. ஆனால் அந்த உத்தியை ஒரு கலையாக வளர்த்தெடுத்தவர் மெலியேதான். 1902-ல் அவர் நிலவின் கண்ணில் குத்திய ராக்கெட் இன்றும் நம் மனதில் நிற்கிறது.

ஓ’பிரையனுக்குத் திரும்புவோம். ‘கிங் காங்’ வெளியானபோது அதைப் பார்த்து மயங்கிப்போன ஒரு 13 வயதுப் பையன் இருந்தான். ரே ஹாரிஹவுசன். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவர் செய்தது இந்த ஒரே வேலையைத்தான். 1963-ல் அவர் எடுத்த ஒரு சண்டைக் காட்சியில் மூன்று வீரர்கள் ஏழு எலும்புக்கூடுகளோடு வாள் வீசுவார்கள். நடிகர்களை முதலில் படம்பிடித்தாகிவிட்டது. அவர்களுடைய வாள் எங்கே நிற்கிறதோ அங்கே பொம்மையின் கேடயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏழு தலை, பதினான்கு கை, பதினான்கு கால். எந்தக் கை மேலே போய்க்கொண்டிருந்தது, எந்தக் கால் இறங்கிக்கொண்டிருந்தது என்பது மனதில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு போன் வந்து கவனம் சிதறினால் முடிந்தது கதை. திரையில் சில நிமிடங்கள் ஓடும் அந்தக் காட்சிக்கு நான்கரை மாதம் ஆனது. அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

1970-களில் படத்தின் அளவே மாறியது. ‘பிளாக்பஸ்டர்’ என்ற சொல் இரண்டாம் உலகப் போரில் ஒரு தெருவையே தகர்க்கும் குண்டுக்கு வைத்த பெயர். 1975 கோடையில் ‘ஜாஸ்’ என்ற சுறாப் படம் வந்த பிறகு, பெருவெற்றிப் படம் என்ற பொருளில் அந்தச் சொல்லுக்குப் புது வாழ்வு கிடைத்தது. அந்தப் படத்தின் எஃபெக்ட்ஸ் வரலாறு ஒரு தோல்வியின் வரலாறு. இயந்திரச் சுறாவைக் கடலில் இறக்கினார்கள், உப்புத் தண்ணீர் அதன் உள்ளுறுப்புகளைக் கெடுத்தது. ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. இளம் இயக்குநரான ஸ்பீல்பெர்க் என்ன செய்வார்? சுறாவைக் காட்டாமலே படம் எடுத்தார். தண்ணீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்கள்தான் சுறா. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள்தான் சுறா. அந்த மீன் முழுதாக முகம் காட்டுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிடுகிறது, அதற்குள் நாம் பயந்து முடித்திருப்போம். இந்த இசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது மறுபடி வரும்.

இரண்டு ஆண்டு கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’. பெரிய ஸ்டுடியோக்கள் எஃபெக்ட்ஸ் பிரிவுகளை மூடிக்கொண்டிருந்த காலம் என்பதால் ஜார்ஜ் லூகாஸ் ஒரு கிடங்கில் தானே ஒரு பட்டறையைத் தொடங்கினார். கடையில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல் பொம்மைகளை வாங்கி உடைத்து, அந்த உதிரிகளை ஒட்டியே விண்கலங்கள் செய்தார்கள். ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு செய்த பெரிய காரியம் ஒரு கேமரா. கலம் நிலையாக நிற்கும், கேமராதான் அதை நோக்கிப் பாயும். பாய்ந்த வழியை எலக்ட்ரானிக் முறையில் பதிந்து வைத்துக்கொண்டு, முடி அளவு பிசகாமல் அதே வழியில் மறுபடி மறுபடி போகும். ஒரு சுற்றில் கலம், அடுத்த சுற்றில் அதன் விளக்குகள், இன்னொரு சுற்றில் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க ஒரு நிழலுருவம். எல்லாவற்றையும் ஒரே ஃபிலிமில் சேர்ப்பார்கள். நகலெடுக்க நகலெடுக்கப் படம் மங்கும் என்பதால், பெரிய ஃபிரேமில் பதியும் பழைய விஸ்டாவிஷன் கேமராக்களைத் தேடிப் பிடித்து வந்தார்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1982-ல் ‘ட்ரான்’, 1989-ல் ‘தி அபிஸ்’ படத்தில் தண்ணீரே ஒரு முகமாக எழுந்து சிரித்தது, 1991-ல் ‘டெர்மினேட்டர் 2’ படத்தின் உருகும் உலோக மனிதன். ஆனால் உலகம் இரண்டாகப் பிரிந்த இடம் 1993-ன் ‘ஜுராசிக் பார்க்’.

ஃபில் டிப்பெட் என்ற பொம்மைக் கலைஞர்தான் அதில் ஓடும் டைனோசர்களை நகர்த்துவதாக இருந்தது. ஹாரிஹவுசன் வழியில் வந்தவர். இதற்கிடையில் லூகாஸின் அதே பட்டறையைச் சேர்ந்த டென்னிஸ் மியூரனின் குழு கம்ப்யூட்டரில் செய்த டைனோசர் ஓட்டத்தைப் போட்டுக் காட்டியது. அதைப் பார்த்த டிப்பெட், நானே அழிந்துபோன இனம் ஆகிவிட்டேன் போலிருக்கிறது என்றார். ஸ்பீல்பெர்க் அந்த வசனத்தைப் படத்திலேயே சேர்த்துக்கொண்டார்.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமானது அதற்கு அப்புறம் நடந்தது. டிப்பெட்டை அனுப்பிவிடவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு ஒரு விலங்கு எப்படி எடையைக் காலுக்குக் கால் மாற்றுகிறது, திரும்புமுன் தலை எப்படி முந்துகிறது என்பது தெரிந்திருக்கவில்லை. டிப்பெட்டுக்குத் தெரியும். ஆகவே ஒரு கருவி செய்தார்கள். பார்த்தால் பழைய பொம்மையின் உலோக எலும்புக்கூடுதான், ஆனால் மூட்டுக்கு மூட்டு சென்சார். பொம்மைக் கலைஞர் வழக்கம்போல் அதன் காலை விரலால் நகர்த்துவார், திரையில் கம்ப்யூட்டர் டைனோசரின் கால் நகரும். 1933-ல் முயல் முடியைக் கலைத்த அதே அசைவு கம்ப்யூட்டருக்குள் போன வழி இதுதான்.

அந்தப் படத்தில் டைனோசர்கள் தெரிவது சுமார் 15 நிமிடம். கம்ப்யூட்டரில் உருவானவை அதில் சுமார் 6 நிமிடம்தான். மீதி ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் செய்த இயந்திர உடல்கள். மழைக் காட்சியில் பெரிய டி-ரெக்ஸின் நுரை ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்தது, இயந்திரம் அந்த எடை தாங்காமல் உதறியது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் ஆட்கள் துண்டோடு ஏறித் துடைத்தார்கள். அது வரும் முன் காருக்குள் தம்ளர் தண்ணீரில் வளையங்கள் எழுமே, அது டாஷ்போர்டுக்கு அடியில் கட்டிய ஒரு கிட்டார் கம்பி. கீழே ஒருவர் அதை மீட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கம்ப்யூட்டரின் பங்கு வேகமாகப் பெருகியது. ‘தி மேட்ரிக்ஸ்’, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, ‘அவதார்’ எல்லாம் நீங்கள் அறிந்தவையே. நேராக 2012-ன் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்குப் போகிறேன். படகில் பையனோடு இருக்கும் அந்தப் புலி பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டரில் பிறந்தது. ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற நிறுவனத்தின் கலைஞர்கள் நிஜப் புலிகளைப் படமெடுத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நனைந்தால் ஒட்டும், உலர்ந்தால் எழும், தசை அசைந்தால் கூடவே அசையும் முடி. இந்த முடியில் யார் விரலும் பதியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இந்தத் தொழிலில் எஃபெக்ட்ஸ் கம்பெனி முதலிலேயே ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறது. இயக்குநர் மாற்றம் கேட்கக் கேட்கச் செலவு ஏறும், தொகை ஏறாது. போதாததற்கு மானியம் தரும் நாட்டுக்கு வேலை ஓடிவிடும். அதே பிப்ரவரி 24-ம் தேதி ஆஸ்கர் விழா. அந்தப் புலிக்கு விருது கிடைத்தது. வெளியே தெருவில் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் பதாகை ஏந்தி நின்றார்கள். உள்ளே அந்தப் படத்தின் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையேறி நன்றி சொல்லிவிட்டு, கம்பெனியின் பண நெருக்கடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நேரம் முடிந்தது என்று உணர்த்த இசை எழுந்தது. ‘ஜாஸ்’ படத்தின் இசை. சுறா ஓடாதபோது சுறாவாக நின்ற அதே இரண்டு சுரங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்தார்கள்.