அவுட்போர்டில் கரண்ட் வரவில்லையா? சிடிஐயைக் கடைசியில் பாருங்கள்

(காட்சி: மணலில் ஏற்றி வைத்த பைபர் படகு. படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் மேல்மூடி கழற்றியிருக்கிறது.)

வணக்கம். கயிறை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே இல்லை. கரையில் கூடுகிறவர்கள் சொல்லும் முதல் யோசனை, "சிடிஐ போயிருக்கும், மாத்திடு." இந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்காதது. பிளக்கில் பொறி வரக் கரண்டைத் தேக்கி, சரியான நேரத்தில் விடும் எலக்ட்ரானிக் பெட்டிதான் சிடிஐ. விலை கூடின சாமான். வாங்கி மாட்டிவிட்டால் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார். காசு செலவில்லாத இடங்களை முதலில் பார்த்துவிடலாம், வாங்க. இன்றைக்கு எடுத்துக்கொள்வது பேட்டரி இல்லாத, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

(காட்சி: மேக்னெட்டிலிருந்து பிளக் வரை கரண்ட் போகும் பாதை, வரைபடமாக.)

கயிறை இழுத்தால் மேக்னெட், அதாவது எஞ்சின் மேலே இருக்கும் காந்தச் சக்கரம், சுழலும். அதன் அடியில் இருக்கும் சார்ஜ் காயிலில் மின்சாரம் பிறக்கும். சிடிஐ அதைக் கெபாசிட்டரில் தேக்கி வைக்கும். பல்சர் காயில் சைகை கொடுத்ததும், தேக்கியதை ஒரே தள்ளாக இக்னிஷன் காயிலுக்குள் தள்ளும். அங்கே அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, பிளக் முனையில் பொறியாகத் தாவும்.

எஞ்சினை நிறுத்துவது எப்படி? ஸ்டாப் சுவிட்ச் அந்தக் கரண்டை எர்த்தில், அதாவது எஞ்சினின் உலோக உடலில், இறக்கிவிடும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

சரி, சோதனைக்கு வருவோம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றி, டேங்கைத் தள்ளி வையுங்கள். படகின் அடியில் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, காற்றாட விடுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி முனையைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். காய்ந்திருந்தால் கோளாறு பெட்ரோல் வரும் பக்கம் இருக்கலாம்.

(காட்சி: கேப் மாட்டிய இரண்டு பிளக்குகள், எஞ்சின் பிளாக்கைத் தொட்டபடி.)

இரண்டு பிளக்கையும் கேப்பில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சின் பிளாக்கை நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். ஒன்றை மட்டும் எர்த் செய்து மற்றதைத் தொங்கவிடவும் கூடாது. கரண்ட் போக வழியில்லாமல் காயிலும் சிடிஐயும் அடிபடும். கேப்பைக் கையில் பிடிக்காதீர்கள், ஷாக் பலமாக இருக்கும். கடற்கரை வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. நிழல் விழும்படி நின்றுகொண்டு இழுங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு நீலமாக வந்தால் நல்லது. மெல்லிசாக, ஆரஞ்சு நிறத்தில் வந்தால் பலவீனம்.

ஒன்றுமே வரவில்லையா? முதலில் ஸ்டாப் கிளிப், அதாவது ஓட்டுகிறவர் உடம்போடு கயிறில் கட்டிக்கொள்ளும் கிளிப், ஸ்டாப் சுவிட்சில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஸ்டாப் சுவிட்சிலிருந்து சிடிஐக்குப் போகும் வயரின் கனெக்டரைக் கழற்றுங்கள். யமஹாவில் பொதுவாக வெள்ளை வயர். கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கி, அது எப்போதும் எர்த்திலேயே இருந்திருக்கிறது. சுவிட்சை மாற்றுங்கள். வயரைக் கழற்றியபடியே கடலுக்குப் போய்விடாதீர்கள். ஆள் தவறி விழுந்தால் எஞ்சின் நிற்காது.

(காட்சி: பச்சை பூத்த எர்த் போல்ட், மிக அருகில்.)

அப்புறம் எர்த். காயிலையும் சிடிஐயையும் பிளாக்கோடு சேர்க்கும் கறுப்பு வயர்களின் முனையைப் பாருங்கள். இதோ, பச்சை பூத்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வேறு எதையும் தொடாமல் இதிலேயே சரியாகிவிட்ட எஞ்சின்கள் நிறைய.

ஒரு சிலிண்டரில் மட்டும் வரவில்லை என்றால் சார்ஜ் காயில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக் கெட்டது. போகவில்லை என்றால் கேப்பைப் பாருங்கள். பல மாடல்களில் அதை இடப்பக்கம் திருகினால் வயரிலிருந்து கழன்று வரும். வயர் முனை பச்சையாக இருந்தால், நீளம் இருக்கிறதா என்று பார்த்து அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். புது பிளக் வாங்கும்போது நம்பரைச் சரிபாருங்கள். என்ஜிகே பி7எச்எஸ்-10 என்பதில் கடைசி 10, இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் மீட்டர். காயில்களின் ஓம் அளவை (மின்தடையை) அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சிடிஐ கொடுக்கும் கரண்ட் கண நேரத் துடிப்பு என்பதால் சாதாரண மீட்டரில் சரியாகப் பிடிபடாது. அந்தத் துடிப்பின் உச்சத்தை அளக்கும் பீக் வோல்ட்டேஜ் அடாப்டர் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியதும் நின்றுபோகும் எஞ்சினை ஆறவிட்டுச் சோதித்துப் பயனில்லை. நின்ற உடனே, சூட்டோடு பொறியைப் பாருங்கள். சூட்டில் அறுந்துபோகும் காயில் அப்போதுதான் மாட்டும்.

பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் வெடித்து வெடித்துக் கயிறைப் பின்னுக்கு இழுக்கிறதா? மேக்னெட்டைத் தண்டோடு பூட்டி வைக்கும் சின்ன உலோகத் துண்டு, அதாவது சாவி, வெட்டுப்பட்டு, நேரம் தவறிப் பொறி விழலாம். மேக்னெட்டைக் கழற்ற புல்லர் என்ற இழுப்பான் வேண்டும்; அது இல்லாமல் சுத்தியலால் தட்டாதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, கனெக்டரும் பழையபடி சேர்த்தாயிற்று. எஞ்சினின் கால் தண்ணீரில் மூழ்கியிருக்கும்படி வைத்து ஸ்டார்ட் செய்து, ஸ்டாப் கிளிப்பைப் பிடுங்குங்கள். உடனே நின்றால்தான் வேலை முடிந்தது.